ஜிஆர்இ குவான்ட்: எந்தக் கணக்கைப் போட்டுப் பழகுவது?

"ஜிஆர்இ எழுதப் போறேன், கணக்குக்கு எந்த புக் வாங்கட்டும்?" வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் துண்டு துண்டாகப் பதில் எழுதுவதற்குப் பதில் மொத்தமாக ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் லிங்க்கை அனுப்பிவிடலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. நான் பயிற்சி வகுப்பு நடத்துபவன் இல்லை. கேள்விகளைப் பிரித்துப் போட்டு அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதில் ஓர் ஆர்வம், அவ்வளவுதான்.

புத்தகம் வாங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் துறை ஜிஆர்இ கேட்கிறதா என்று அந்தத் துறையின் பக்கத்திலேயே பாருங்கள். 2020க்குப் பிறகு நிறைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதை "விருப்பம் இருந்தால் கொடு" என்று மாற்றிவிட்டன. சில துறைகள் கொடுத்தாலும் பார்ப்பதில்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. தேர்வுக் கட்டணமே 200 டாலருக்கு மேல். வீட்டில் கடன் வாங்கிப் படிக்கப் போகிறவர்களுக்கு அது சின்னப் பணம் இல்லை.

இன்னொன்று, கடையில் "ஜிஆர்இ மேத்ஸ்" என்று கேட்டால் இரண்டு விதமான புத்தகம் கையில் வரலாம். எல்லோரும் எழுதும் பொதுத் தேர்வின் கணக்குப் பகுதி ஒன்று, அதைத்தான் குவான்ட் என்கிறோம். இன்னொன்று கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள் எழுதும் தனிப் பாடத் தேர்வு. அதில் 66 கேள்விகள், 2 மணி 50 நிமிடம், பாதி கால்குலஸ். மெக்கானிக்கல் முடித்துவிட்டு எம்எஸ் போகிறவருக்கு இரண்டாவதோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தக் குறிப்பு முதலாவதைப் பற்றி மட்டும்.

தேர்வு என்ன கேட்கிறது

2023 செப்டம்பரில் ஜிஆர்இ சுருக்கப்பட்டது. இப்போது மொத்தமே இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. குவான்ட் இரண்டு பகுதி: முதலில் 21 நிமிடத்தில் 12 கேள்வி, அடுத்து 26 நிமிடத்தில் 15 கேள்வி. முதல் பகுதியை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். மதிப்பெண் 130இலிருந்து 170 வரை. தவறான விடைக்குக் கழிப்பது கிடையாது. பாடம் என்று பார்த்தால் எண்கள், இயற்கணிதம், வடிவியல், புள்ளிவிவரம். கால்குலஸ் இல்லை, ட்ரிக்னாமெட்ரி இல்லை. பத்தாம் வகுப்போடு கொஞ்சம் பிளஸ் ஒன் சேர்த்துக் கொண்டால் போதும்.

இதைக் கேட்டதும் நம் பிஇ பிள்ளைகள் "இவ்வளவுதானா, நான் நாலு செமஸ்டர் மேத்ஸ் முடிச்சவன்" என்பார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். நம்மைப் போலவே இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பெருங்கூட்டம் இதை எழுதுகிறது. எல்லோரும் மேலே போய் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அதனால் ஒன்றிரண்டு கேள்வி கவனப்பிசகாகப் போனாலே வரிசையில் நிறைய பேருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டி வரும். கணக்குத் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்களை விட, தெரிந்த கணக்கைத் தப்பாகப் படித்து இழப்பவர்களே நம் பக்கம் அதிகம் என்பது நான் பார்த்த வரை என் கருத்து. ஆகவே பயிற்சிக்கு எடுக்கும் கேள்வி எதைப் பழக்குகிறது என்று பார்க்க வேண்டும். கணக்குப் போடும் வேகத்தையா, கேள்வியைப் படிக்கும் விதத்தையா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். தேர்வில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒப்பீட்டுக் கேள்விகள் வரும். அளவு அ, அளவு ஆ என்று இரண்டு கொடுப்பார்கள். அ பெரிது, ஆ பெரிது, இரண்டும் சமம், கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓர் எண் 1ஐ விடச் சிறியது, பூஜ்யமும் இல்லை. அளவு அ அந்த எண்ணின் வர்க்கம். அளவு ஆ அந்த எண்ணின் கனம்.

பயிற்சி எடுத்தவர்கள் இதைப் பார்த்ததும் "நெகட்டிவ்வும் வரலாம், பின்னமும் வரலாம், அப்போ சொல்ல முடியாது" என்று நாலாவதைத் தட்டிவிடுவார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். வர்க்கத்திலிருந்து கனத்தைக் கழித்தால், வர்க்கத்தைப் பொதுவாக வெளியே எடுக்கலாம். மிஞ்சுவது "1 கழித்தல் அந்த எண்". வர்க்கம் நிச்சயம் பாசிட்டிவ், எண் 1ஐ விடச் சிறியது என்பதால் மிஞ்சினதும் பாசிட்டிவ். ஆக எப்போதும் அ தான் பெரிது. கணக்குப் போட்டது ஒரு வரி. மீதி எல்லாம் "சொல்ல முடியாது" என்ற பழக்கத்தை அடக்கி வைத்த வேலை. நல்ல ஜிஆர்இ கேள்வி இப்படித்தான் இருக்கும். 4,286இல் 17.35 சதவீதம் என்ன என்று கேட்கும் புத்தகத்தை அப்படியே மூடி வைத்துவிடலாம். திரையிலேயே கால்குலேட்டர் கொடுக்கும் தேர்வுக்கு அது பயிற்சியே இல்லை.

முதலில் தேர்வு நடத்துகிறவர்களின் சரக்கு

ஜிஆர்இயை நடத்துவது பிரின்ஸ்டனில் இருக்கும் ஈடிஎஸ். அவர்களே வெளியிடும் பயிற்சிச் சரக்கு கொஞ்சம்தான், ஆனால் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. காரணம் சொல்கிறேன். தேர்வில் வரும் ஒரு கேள்வி யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி அப்படியே வருவதில்லை. பலர் படித்துப் பார்த்து, இரண்டு அர்த்தம் வருகிறதா என்று துருவி, பிறகு உண்மையான தேர்வர்கள் மேலேயே மதிப்பெண் இல்லாமல் ஓட்டிப் பார்த்து, நன்றாகச் செய்கிறவர்கள் சரியாகவும் தடுமாறுகிறவர்கள் தப்பாகவும் போடுகிறார்களா என்று அளந்த பிறகுதான் எண்ணிக்கைக்கு வரும். எங்கள் தொழிலில் சொன்னால் புரொடக்ஷனில் ஓடி நிலைத்த கோடு மாதிரி. வெளியார் எழுதும் கேள்விக்கு அந்த அளவுக்குச் சோதனை கிடையாது. இவ்வளவு ஆயிரம் பேர் மேல் ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு வழியும் இல்லை. "கடினம்" என்று அவர்கள் ஒட்டும் முத்திரை எழுதினவரின் ஊகம்தான்.

ஈடிஎஸ் தளத்தில் கணக்கு மறுபார்வை என்று ஒரு பெரிய பிடிஎஃப் இலவசமாக இருக்கிறது. எந்தெந்தப் பாடம் வரும் என்பதற்கு அதுதான் எல்லைக் கோடு. கூடவே மரபுகள் பற்றி ஒரு சின்ன பிடிஎஃப். இதைப் பெரும்பாலோர் திறந்தே பார்ப்பதில்லை, எனக்கு ஆச்சரியமாக இருக்கும். முக்கோணம், வட்டம் மாதிரி வடிவியல் படங்கள் அளவுப்படி வரையப்பட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் எண்கோடு, ஆயத்தொலைப் படம், தரவு வரைபடம் எல்லாம் அளவுப்படிதான் இருக்கும் என்று அதில் போட்டிருக்கிறது. இது தெரிந்தால் ஒரு கேள்வியில் கண்ணால் பார்த்தே விடை சொல்லலாம், இன்னொன்றில் கண்ணை நம்பக் கூடாது என்பதும் தெரியும்.

புத்தகம் என்றால் அவர்களுடைய அஃபிஷியல் கைடு, பிறகு குவான்டுக்கு மட்டும் 150 கேள்வி கொண்ட தனிப் புத்தகம். அந்த 150ஐ இரண்டு முறை ஒழுங்காகப் போட்டவன், வெளிப் புத்தகத்தில் 1,500 போட்டவனை விடத் தேர்வுக்கு நெருக்கமாக இருப்பான் என்பேன். கணினியில் எழுதிப் பார்க்க பவர்பிரெப் என்று இரண்டு முழுத் தேர்வு இலவசம். காசு கட்டி வாங்கும் பவர்பிரெப் பிளஸ் தனி, ஒன்று 40 டாலரை ஒட்டி வரும்.

பவர்பிரெப்பை எப்போது எழுதுவது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஆர்வத்தில் முதல் வாரமே இரண்டையும் எழுதித் தீர்த்துவிட்டு, கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பார்கள். மெஷின் லேர்னிங் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் புரியும்: சோதனைக்கு ஒதுக்கி வைத்த தரவைப் பயிற்சிக்கு எடுத்துப் போடாதே. ஒருமுறை பார்த்த கேள்வியை மறுபடி போட்டு வரும் மதிப்பெண் உங்கள் திறமையை அளப்பதில்லை, ஞாபகத்தை அளக்கிறது. தொடக்கத்தில் ஒன்று எழுதி நிலைமை என்ன என்று பாருங்கள். இன்னொன்றைப் பூட்டி வையுங்கள். தேர்வுக்குப் பத்து நாள் முன்னால், காலையில், போனை அணைத்துவிட்டு, கட்டுரை, வெர்பல் பகுதிகளோடு சேர்த்து முழுதாக எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓரிரு புள்ளி ஏறி இறங்கினால் அதை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், அழவும் வேண்டாம். அளவுகோலுக்கே அந்த ஆட்டம் உண்டு.

பழைய புத்தகம் உதவுமா

சீனியர் கொடுத்த 2023க்கு முந்தைய புத்தகம் வீணா? குவான்டுக்கு வீணில்லை. கேள்வி வகைகள் மாறவில்லை, எண்ணிக்கை மட்டும் குறைந்தது. முன்பு ஒரு பகுதிக்கு 35 நிமிடத்தில் 20 கேள்வி. வகுத்துப் பாருங்கள், கேள்விக்கு 1 நிமிடம் 45 நொடி. இப்போது 21 நிமிடத்தில் 12, அதுவும் 1 நிமிடம் 45 நொடி. 26இல் 15 என்பது ஒரு நொடி குறைவு. ஆக வேகம் அதேதான். பழைய புத்தகத்தின் 20 கேள்விப் பகுதியை அப்படியே கடிகாரம் வைத்துப் போடலாம்.

2011க்கு முந்தையது வேறு கதை. அப்போது மதிப்பெண் 200 முதல் 800 வரை, கால்குலேட்டர் கிடையாது, ஒன்றுக்கு மேற்பட்ட விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வகை கிடையாது. தொண்ணூறுகளில் ஈடிஎஸ் 27 பழைய காகிதத் தேர்வுகளைத் தொகுத்து ஒரு தலையணைப் புத்தகம் போட்டது, பிக் புக் என்பார்கள். அதில் 30 நிமிடத்தில் 30 கணக்கு, கேள்விகள் இன்றைய தரத்துக்குக் கொஞ்சம் எளிது. ஆனால் ஒப்பீட்டுக் கேள்வியின் சட்டகம் அன்றும் இன்றும் ஒன்றே. கைவசம் இருந்தால் ஒப்பீட்டுக் கேள்விகளை மட்டும் பொறுக்கிப் போடுங்கள், மீதியை விட்டுவிடுங்கள்.

வீட்டு அலமாரியில் இருப்பது

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வாங்கின ஆர்.எஸ். அகர்வால் இல்லாத பொறியியல் மாணவன் வீடு தமிழ்நாட்டில் அபூர்வம். அதையே ஜிஆர்இக்கும் ஓட்டலாமா என்று கேட்பார்கள். பாதி ஓட்டலாம். சதவீதம், விகிதம், சராசரி, வேலை-நேரம், வேகம்-தூரம் எல்லாம் பொது. கடிகார முள் கோணம், எந்தத் தேதி என்ன கிழமை, உண்மைக் கழிவு, பங்குச் சந்தைக் கணக்கு இதெல்லாம் ஜிஆர்இயில் தலைகாட்டாது. மறுபக்கம் திட்ட விலக்கம், கால்மானம், இயல்நிலைப் பரவல் என்று ஜிஆர்இ விரும்பிக் கேட்பது அகர்வாலில் அகப்படாது.

கேட்கிற தொனியும் வேறு. விலை 20% ஏறி பிறகு 20% இறங்கினால் கடைசி விலை என்ன என்பது அகர்வால் கேள்வி. 100ஐ வைத்தால் 96 வரும், முடிந்தது. ஜிஆர்இ, முதலில் ஏறிப் பிறகு இறங்கின விலை ஒரு பக்கம், முதலில் இறங்கிப் பிறகு ஏறின விலை இன்னொரு பக்கம் வைத்து எது பெரிது என்று கேட்கும். 1.2ஐயும் 0.8ஐயும் எந்த வரிசையில் பெருக்கினாலும் ஒன்றுதான், சமம். இதற்குப் பேப்பரே வேண்டாம். அகர்வாலில் ஊறினவர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கணக்குப் போட்டு ஒரு நிமிடத்தைத் தொலைப்பார்.

கேட் புத்தகங்கள் வேண்டாம். அவை வேறு விதக் கஷ்டம், ஜிஆர்இக்குத் தேவையில்லாத தந்திரங்கள். ஜிமேட் அஃபிஷியல் கேள்விகள் நல்ல தரம், பிரச்சினைத் தீர்வு வகையை எடுத்துக் கொள்ளலாம். தரவு போதுமா என்று கேட்கும் வகை ஜிஆர்இயில் இல்லை. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டின் குவான்டில் வடிவியலை எடுத்துவிட்டார்கள் என்பதால், அந்தப் புத்தகத்தை மட்டும் நம்பினால் முக்கோணமும் வட்டமும் உங்களுக்குத் துருப்பிடித்துவிடும்.

அடிப்படை ஆட்டம் காண்கிறவர்களுக்கு நான் சொல்வது நம் மாநிலப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். இலவசமாகவே இறக்கிக் கொள்ளலாம், தமிழிலும் இருக்கிறது. எண்களும் தொடர்வரிசைகளும், இயற்கணிதம், ஆயத்தொலை வடிவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும் என்று முக்கால்வாசி அதில் வந்துவிடும். முக்கோணவியல் பாடத்தைத் தள்ளிவிடுங்கள். பெர்முட்டேஷன், காம்பினேஷனுக்குப் பதினோராம் வகுப்பு. ஒரே எச்சரிக்கை: அங்கே திட்ட விலக்கத்தை ஊகச் சராசரி முறையில் பட்டியல் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஜிஆர்இக்கு அந்தப் பட்டியல் வேண்டாம். எல்லா எண்ணோடும் 5 கூட்டினால் திட்ட விலக்கம் மாறாது, எல்லாவற்றையும் 2ஆல் பெருக்கினால் இரட்டிக்கும், ஏன் என்று புரிந்தால் போதும்.

வெளியார் புத்தகத்தில் கேள்விக் குவியல் வேண்டுமென்றால் மன்ஹாட்டன் போடும் ஐந்து பவுண்டுப் புத்தகம், வெர்பலும் சேர்த்து 1,800க்கு மேல் கேள்வி. தலைப்பு வாரியாக இருக்கும். ஒரு பாடத்தில் கை வரவில்லை என்றால் அந்த அத்தியாயத்தை மட்டும் எடுக்க நல்லது. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை முடிப்பேன் என்று கங்கணம் கட்டுகிறவர்கள் மூன்றாவது அத்தியாயத்தில் களைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் கட்டும் தப்பு விடையும்

என் சித்தப்பா மகனின் பெண், மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தாள். அங்கே கொடுத்த ஜெராக்ஸ் கட்டை ஒரு சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வந்தாள். மேலே நான் சொன்ன வர்க்கம், கனம் கேள்வி மாதிரியே ஒன்று. அவள் அ பெரிது என்று போட்டிருந்தாள். கட்டின் கடைசிப் பக்கத்தில் "சொல்ல முடியாது" என்று இருந்தது.

"ரெண்டு மணி நேரமா பாக்குறேன் பெரியப்பா. எனக்குத்தான் ஏதோ புரியலன்னு நெனச்சேன்" என்றாள்.

"நீ போட்டதுதான்மா சரி. அந்த கீ தப்பு" என்றேன்.

உடனே அவள் நம்பவில்லை. அச்சில் இருப்பது தப்பாக இருக்கும் என்று நினைக்க நம்மைப் பழக்கவில்லையே. நாலைந்து எண்ணைப் போட்டுக் காட்டி, பிறகு அந்த ஒரு வரிக் காரணத்தையும் அவளே எழுதிய பிறகுதான் முகம் தெளிந்தது. தப்பு கீயினால் வீணாவது இரண்டு மணி நேரம் மட்டும் இல்லை. சரியாக யோசித்த பிள்ளை தன் யோசனையைத் திருத்திக்கொண்டு, அடுத்த முறை "சொல்ல முடியாது" என்று தப்பாகத் தட்டும். வீட்டில் கேட்க ஆள் இல்லாத, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைக்கு இதை யார் சொல்வது?

சுற்றில் இருக்கும் பிடிஎஃப்களில் இதற்கு மேல் ஒரு கூத்து உண்டு. ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது அடுக்குக்குறி கீழே இறங்கிவிடும். 2இன் 10ஆம் அடுக்கு, 210 என்று நிற்கும். வர்க்கமூலக் குறி காணாமல் போகும், கழித்தல் குறி உதிர்ந்துவிடும். கேள்வி அர்த்தமில்லாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். அர்த்தத்தோடு வேறு கேள்வியாக மாறி நிற்பதுதான் ஆபத்து. ஒரு தொகுப்பை நம்பலாமா என்று பார்க்க என் வழி இது: நன்றாகத் தெரிந்த பாடத்திலிருந்து பத்துக் கேள்வி எடுத்து, கீயைப் பார்க்காமல் போடுங்கள். கீயோடு ஒத்துப் போகாத இடத்தில் உட்கார்ந்து வாதாடிப் பாருங்கள். பத்தில் இரண்டு இடத்தில் கீ தப்பு என்று உறுதியானால் அந்தக் கட்டு பழைய பேப்பர்காரருக்கு. விடை மட்டும் இருந்து விளக்கம் இல்லாத தொகுப்பையும் நான் தவிர்ப்பேன்.

"ரியல் கொஸ்டின்" வியாபாரம்

இப்போது டெலிகிராமில் "போன வாரம் வந்த நிஜக் கேள்விகள்" என்று விற்கிறார்கள். இது புதுசு இல்லை. கணினித் தேர்வு தொடங்கிய காலத்தில், 1994இல், கேப்லன் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களையே தேர்வு எழுத அனுப்பி, கேள்விகளை நினைவில் வைத்து வந்து சொல்லச் செய்தது. கேள்விகள் வெளியே வருகின்றன என்று காட்டவே செய்தோம் என்றார்கள். ஈடிஎஸ் தேர்வுகளைக் கொஞ்ச காலம் நிறுத்தியது, வழக்கும் போட்டது. 2002இல் சீனா, தைவான், கொரியாவில் கேள்விகளை நினைவிலிருந்து எழுதி இணையத்தில் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கெல்லாம் கணினித் தேர்வையே நிறுத்திக் காகிதத்துக்குத் திரும்பினார்கள். நேர்மையாகப் படித்த பிள்ளைகளும் சேர்ந்து அந்தச் சங்கடத்தை அனுபவித்தார்கள்.

நியாய அநியாயத்தை விடுங்கள், பயிற்சிச் சரக்காகவே இது மட்டம். நினைவிலிருந்து எழுதினவருக்கு எண் ஞாபகம் இருக்கும், "பூஜ்யம் இல்லை" என்ற நிபந்தனை ஞாபகம் இருக்காது. ஜிஆர்இயில் விடையைத் தீர்மானிப்பதே அந்த மாதிரி இரண்டு சொற்கள்தான். விடையும் எழுதினவரின் ஊகம். மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் ஈடிஎஸ் அதை ரத்து செய்யலாம், அந்த அதிகாரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தேர்வே எழுதுகிறீர்கள். விண்ணப்பக் கெடு முடிகிற டிசம்பரில் அது நடந்தால் ஒரு வருஷம் போச்சு.

கலந்து போடுங்கள்

நல்ல கேள்வி கிடைத்த பிறகும் எந்த வரிசையில் போடுவது என்பது இருக்கிறது. 2007இல் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு, அவர்கள் அதிகம் பார்த்திராத நான்கு திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு குழு வகை வகையாகப் பிரித்துப் போட்டது, இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89% சரி, கலந்து போட்டவர்கள் 60%. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது பிரித்துப் போட்டவர்கள் 20%, கலந்து போட்டவர்கள் 63%. தலைகீழ். கேள்வியின் தலையில் எந்த அத்தியாயம் என்று எழுதியிருக்கும்போது, எந்த வழியைப் பிடிப்பது என்ற வேலையைப் புத்தகமே செய்துவிடுகிறது. தேர்வில் அதுதான் நம் வேலை. அத்தியாய வாரியான புத்தகத்தில் ஒரு பாடம் தேறியதும், ஐந்து அத்தியாயத்திலிருந்து இரண்டிரண்டு கேள்வி எடுத்துக் கலந்து போடுங்கள். மதிப்பெண் கீழே இறங்கும், மனசு சோர்ந்து போகும். அந்த 60%தான் பிறகு கைகொடுப்பது.

தப்பான கேள்விகளுக்கு ஒரு நோட்டு வையுங்கள், எக்ஸெல் என்றாலும் சரி. எழுத வேண்டியது கேள்வியை அல்ல, எங்கே வழுக்கினோம் என்பதை: "முழு எண் என்று சொல்லவில்லை, நானே வைத்துக் கொண்டேன்", "சதவீதமும் சதவீதப் புள்ளியும் குழம்பியது", "கேட்டது ஆரம், சொன்னது விட்டம்". நாற்பது வரி சேர்ந்தால் ஒரே மூன்று நாலு தப்புதான் வேஷம் மாற்றி வந்திருப்பது தெரியும். அடுத்த வாரம் எந்தச் சரக்கை எடுப்பது என்று அந்த நோட்டுதான் சொல்லும், நானோ கடைக்காரரோ இல்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கு உங்களுக்குத் தெரியும், சொற்கள்தான் தடுக்கும். நம் பள்ளி ஆங்கிலத்தில் டிரபீசியம் என்பதை அமெரிக்கர்கள் டிரபிசாய்டு என்பார்கள், இரண்டும் சரிவகம்தான். மீப்பெரு பொது வகுத்தியை நாம் எச்சிஎஃப் என்று படித்தோம், அங்கே ஜிசிடி என்றோ ஜிசிஎஃப் என்றோ வரும். லட்சம் கோடி கிடையாது, மில்லியன் பில்லியன்தான். தரவு வரைபடத்தின் ஓரத்தில் "மில்லியனில்" என்று சின்னதாக எழுதியிருப்பதைப் பார்க்கத் தவறினால் விடை எங்கோ போய்விடும். நான்-நெகட்டிவ் என்றால் பூஜ்யமும் சேர்த்தி, பாசிட்டிவ் என்றால் சேர்த்தி இல்லை. பூஜ்யம் இரட்டை எண். 1 பகா எண் அல்ல. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம்.

கால்குலேட்டரையும் பவர்பிரெப்பில் இருப்பதிலேயே பழகுங்கள், போனில் வேண்டாம். எட்டு இலக்கம்தான் காட்டும், கை மெதுவாகும். 1, கூட்டல், 2, பெருக்கல், 4 என்று வரிசையாகத் தட்டினால் பெருக்கலை முதலில் செய்து 9 என்று காட்டும். மேஜையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர் பல 12 காட்டும். விடையைக் கட்டத்தில் நிரப்பும் கேள்வியில் திரையில் உள்ள எண்ணை அப்படியே கட்டத்துக்கு அனுப்ப ஒரு பொத்தான் இருக்கிறது. அனுப்பும் முன், கேள்வி இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கச் சொன்னதா என்று ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். அந்த வேலையைப் பொத்தான் செய்யாது.